விரதப் பிரஷ்

“மல்லிகா, கழட்டுற பிளையரை எடுத்து வையுங்கோ. இண்டைக்கே கழட்டிடுவம்.”

டாக்டர் இதைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் டிராயரைத் திறந்தேன். அந்தப் பிளையரை எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் நல்ல நாட்களில். பல் நேராகி, வைத்தியம் முடிந்து, வீட்டார் போட்டோ எடுக்கக் கைப்பேசியோடு காத்திருக்கும் நாளில் எடுக்கிற சாமான் அது. ஈறு வீங்கி ரத்தம் கசிகிற வாயிலிருந்து, பாதி வைத்தியத்தில் கம்பியைக் கழற்ற அதை எடுத்தது என் சர்வீஸில் மூன்று நான்கு முறைதான் இருக்கும். அன்றைக்கு என் கை டிராயருக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஈப்போவில் பல் சீரமைப்பு கிளினிக் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். சர்டிபிகேட்டில் டெண்டல் சர்ஜரி அசிஸ்டண்ட் என்று இருக்கும். வருகிறவர்களுக்கு நான் நர்ஸ் அக்கா. டாக்டர் யோகேஸ்வரி யாழ்ப்பாணத்து வழி. தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், சாதாரணமாக எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வாயில் யாழ்ப்பாணம் வந்துவிடும். நான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் விற்கப்பட்டதும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தேன்.

நாற்காலியில் கிடந்தவர் பெயர் குணா. சிம்பாங் பூலாயில் கல் குவாரி லோரி ஓட்டுகிறவர். வயது முப்பத்தாறு. அவருக்கு அந்த நிலை வந்ததில் என் பங்கும் உண்டு. கிளினிக்குகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையால் வாயை மூடியவர்

குணா முதல் தடவை வந்தது அதற்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பு. கூடவே ஆறு வயது மகள், தர்ஷினி. புதிதாக வருகிறவர்களிடம் எதற்காகக் கம்பி போட வந்தீர்கள் என்று கேட்டு கார்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் என்றால் அம்மா பதில் சொல்லிவிடுவார். பெரியவர்கள் என்றால் பெரும்பாலும் கல்யாணம். இவருக்கோ கல்யாணமாகி, பிள்ளையும் இருக்கிறது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

“லோரி ஓட்டுறவனுக்கு எதுக்குக் கம்பின்னு நெனக்கிறீங்க, இல்லக்கா? மேல் பல்லு முன்னால தள்ளியிருக்கு. ஸ்கூல்ல வைக்காத பேரு இல்ல. அதனால சின்ன வயசுலேருந்து சிரிக்கையில கைய வச்சு மறைச்சிக்குவேன். எனக்கு அது பழகிப்போச்சு லா, சூசா இல்ல, கஷ்டம் ஒண்ணும் இல்ல. பாப்பாவப் பாருங்க.”

பார்த்தேன். அவள் கைப்பேசியில் ஏதோ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தபோதெல்லாம் ஒரு கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை.

“அவ பல்லுல ஒரு குறையும் இல்லக்கா. அரிசி கணக்கா இருக்கு. என்னைப் பாத்துப் பழகிட்டா. சிரிச்சா வாய மூடணும்னு நெனச்சிக்கிட்டிருக்கா. வாயால சொன்னா கேக்கிறதில்ல. நான் மாறினாத்தான் அவ மாறுவா.”

கார்டில் காரணம் என்ற இடத்தில் ‘மகள்’ என்று மட்டும் எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அச்சு எடுக்க மாவைக் கலக்கச் சொன்னார்.

பிரஷ் மூலை

எங்கள் கிளினிக்கில் ஒரு மூலையில் கைகழுவும் தொட்டி, அதற்கு மேலே பெரிய கண்ணாடி, பக்கத்தில், கம்பியைத் தாங்கும் பிராக்கெட் துண்டுகள் ஒட்டிய பிளாஸ்டிக் பல் செட். அதுதான் என் ராஜ்ஜியம். டாக்டர் பல்லை நகர்த்துவார். அது நகரும்வரை வாயைச் சுத்தமாக வைத்திருக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு.

கம்பி போட்டவர்கள் செய்யும் முதல் தப்பு பிரஷ் வாங்குவதில். பசார் மாலாம் இரவுச் சந்தையில் அரை டசன் சேர்த்துக் கட்டி விற்பதை வாங்கி வருவார்கள். நார் முரடாக இருக்கும். ஒரு அம்மா என்னிடமே சொன்னார்: “சாஃப்ட்டு பிரஷ் கைப்புள்ளைக்குத்தானே. கம்பிய விளக்க நல்லா ஹார்டா வேணும்ல.” பாத்திரம் விளக்குகிற கணக்கு. முரட்டு நார் பிராக்கெட்டின் அடியில் நுழையாது. ஈறைத்தான் சுரண்டும். நான் சொல்வது இதுதான்: தலை சின்னதாக, நார் மெதுவாக இருக்க வேண்டும். நடுவரிசை நார் கட்டையாக, பள்ளம் விட்டது போல இருக்கும் ஆர்த்தோ பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது, அந்தப் பள்ளத்தில் கம்பி உட்கார்ந்துகொள்ளும். கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிரஷைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும். பிறகு பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியது போல ஒன்று இருக்கிறது, இன்டர்டெண்டல் பிரஷ். அதை இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே கம்பியின் அடியில் விட்டு இழுக்க வேண்டும். எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை சோம்பேறியாக இருக்கக் கூடாது. நார் விரிந்துவிட்டால் மூன்று மாதம்வரை காத்திருக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் தனிக் கதை. ஈப்போக்காரர்களிடம் கச்சாங் பூத்தே என்கிற வறுகடலையைச் சாப்பிடாதே என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டிவிட்டு, வாசலில் இறங்கியதும் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். தீபாவளிக்கு அடுத்த வாரம் நாங்கள் அப்பாயின்மெண்ட் புத்தகத்தில் தினமும் காலை இரண்டு மணி நேரத்தைக் காலியாகவே விட்டு வைப்போம். முறுக்கு கடித்துப் பிராக்கெட் கழன்றவர்கள் அதை டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றே: “ஒண்ணே ஒண்ணுதான் சாப்பிட்டேன் நர்ஸ்.”

குணா அந்த வரிசையில் வராதவர். லோரியில் ஸ்டீயரிங்குக்கு மேலே முருகன் படம், அதற்குப் பக்கத்திலேயே பிரஷ் டப்பா. ஆயர் ஹீத்தாமில் நிறுத்தினாலும் கேமரன் மலையில் நிறுத்தினாலும், சாப்பிட்டதும் பெட்ரோல் ஸ்டேஷன் குழாயில் தேய்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம். லோரிக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. டாக்டர் லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். குணாவின் ஈறைப் பார்த்து இரண்டு தடவை “குட்” சொல்லியிருக்கிறார். நான் அதைக் கார்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

கறுப்புப் புள்ளிகள்

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்தார். வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிராக்கெட்டைச் சுற்றி மஞ்சளாகப் படலம். கம்பியைப் பிடித்து வைக்கிற சின்ன ரப்பர் வளையங்களில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. ஈறு புடைத்து, டாக்டர் கருவியால் தொட்ட இடமெல்லாம் ரத்தம். டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். மேல் கோரைப்பல்லில் பிராக்கெட்டை ஒட்டி எனாமல் வெளுக்கத் தொடங்கிவிட்டது என்றார். அந்த வெள்ளைத் தழும்பு வந்தால் போகாது.

“ரெண்டு வாரம் டைம். இப்படியே இருந்தா கம்பிய எடுத்துடுவேன். கோணல் பல்லோட இருக்கலாம், சொத்தைப் பல்லோட இருக்க முடியாது.”

அவரைப் பிரஷ் மூலைக்கு அழைத்துப் போனேன். எனக்கு ஆத்திரம். ‘மகள்’ என்று என் கையால் எழுதிய கார்டு. நமக்கு வேண்டிய ஒருவர் நம்மை ஏமாற்றியது போல இருந்தது. அங்கேதான் நான் வாயை விட்டேன். காத்திருக்கிற இடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், காது கேட்கிற தூரம்தான்.

“என்ன தம்பி இது, கறுப்பு கறுப்பா? சிகரெட்டா? இல்ல, பசங்களோட சேந்து தண்ணி கிண்ணி போட்டுட்டு அப்படியே தூங்கிடுறீங்களா? அன்னிக்குப் பாப்பாவுக்காகன்னு என்னா பேச்சு பேசுனீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாடி வளர்ந்திருந்தது. சவரம் செய்யக்கூடச் சோம்பல் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் பல் செட்டை எடுத்து, முதல் நாள் காட்டியதை எல்லாம் மறுபடி காட்டினேன். புது ஆர்த்தோ பிரஷ் ஒன்றையும் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரிக்கா, வாரேன்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோதுதான் டாக்டர் பிளையரைக் கேட்டார்.

“நீங்க காட்டுங்க”

டிராயருக்குள் கையை வைத்தபடி நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. எனக்கு உறைத்தது ஒரே விஷயம். பெட்ரோல் ஸ்டேஷன் குழாயில் பல் தேய்த்த மனிதர் ஏன் திடீரென்று நிறுத்தினார் என்று நான் கேட்கவே இல்லை. திட்டினேன், காட்டினேன், அனுப்பிவிட்டேன்.

“டாக்டர், பத்து நிமிஷம் குடுங்க. நான் ஒரு தடவ பேசிப் பாக்கிறேன்.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தே நிமிசம்.”

பிரஷ் மூலைக்கு அழைத்துப் போய், இந்த முறை பல் செட்டைத் தொடவில்லை. ஒரு பிரஷை நனைத்து அவர் முன்னால் நீட்டினேன். “நீங்க காட்டுங்க தம்பி. வீட்டுல எப்படி விளக்குவீங்களோ, அப்படியே.”

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பிரஷத் தொடக் கூடாதுக்கா.”

“ஏன்?”

“விரதம்.”

கம்பெனிச் சட்டையின் காலரை லேசாக விலக்கினார். உள்ளே ருத்திராட்ச மாலை. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிற ஆளைத்தான் நான் ஏழெட்டுப் பேர் முன்னால் சிகரெட்டா, தண்ணியா என்று கேட்டிருக்கிறேன். தாடிக்கும் இப்போது அர்த்தம் தெரிந்தது. கிளினிக் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், அதனால் அவர் செருப்பே போடாமல் வந்ததையும் நான் கவனிக்கவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். தர்ஷினி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம், பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போனால் ஏழு வருடம் பால்குடம் எடுப்பதாக. இது ஏழாவது வருடம்.

“விரதத்துல பிரஷ் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அது பன்னி முடில செய்யிறதுன்னு. விரல்ல கரித்தூளும் உப்பும் வச்சுத்தான் வெளக்குவாரு. அவரு செத்து நாலு வருசமாச்சு. அவரு சொன்னத மாத்த எனக்கு மனசு வரல. இந்த வருசந்தான் கம்பியோட இருக்கேன். விரலு உள்ள போவல, தெரியுதுக்கா. ஆனா கடைசி வருசம். இதுல ஒண்ணு தப்பாச்சுன்னா, பாப்பாவுக்கு...”

அந்தக் கறுப்புப் புள்ளி கரித்தூள்.

எனக்குத் தாங்க முடியாத வெட்கம் எங்கே வந்தது தெரியுமா? இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் என் அப்பாவும் தைப்பூச விரதத்தில் பிரஷை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டுக் கரித்தூளுக்குப் போவார். அடுப்புக் கரியை இடித்துக் கொடுத்தவளே நான்தான். முப்பது வருடம் பிளாஸ்டிக் பல்லைப் பார்த்துப் பார்த்து அது மறந்தே போயிருக்கிறது.

“அன்னிக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்குங்க தம்பி” என்றேன்.

“பரவால்லக்கா. விரதத்துல யாரு என்னா சொன்னாலும் கோவப்படக் கூடாது.”

அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

விரதத்தை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. கம்பியையும் விடக் கூடாது. இரண்டுமே அந்த ஒரு பிள்ளைக்காகத்தான். அதனால் இப்படிக் கேட்டேன்: “சாப்பாட்டுக்குத் தனித் தட்டு வச்சிருக்கீங்களா?”

“இருக்கு. தனித் தட்டு, தனி மங்கு, தனிப் பாய். வீட்டுச் சாமான் எதுலயும் பொழங்கிறதில்ல.”

“அப்ப தனியா ஒரு பிரஷ் வச்சுக்குங்க. கறி தின்ன வாயில படாதது. இப்ப வர்ற பிரஷ்ல முடியெல்லாம் இல்ல தம்பி, நைலோன். நம்ம மீன் வலை பின்னுற அதே சாமான். இங்க பாருங்க, பாக்கெட்டுல போட்டிருக்கு.”

எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். “பேஸ்ட்டு?”

நான் சூட்டோடு சூடாக அலமாரியிலிருந்து ஒரு பேஸ்ட்டை எடுத்தேன். “ஹலால் சின்னம் இருக்கு பாருங்க. பன்னி இருந்தா இந்த நாட்டுல இந்தச் சின்னம் குடுப்பாங்களா?”

அவர் யோசித்தார். “பன்னி இல்ல, சரிக்கா. மாடு?”

நான் பேஸ்ட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

“அதுக்கு ஒரு வழி பாக்கிறேன். மொதல்ல பிரஷுக்குச் சரின்னு சொல்லுங்க.”

“அப்பா இப்படியெல்லாம் செய்யலியேக்கா.”

“அப்பா பல்லுல கம்பி இருந்துச்சா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தானாக வாய்க்குப் போனது. அப்போதுதான் கவனித்தேன், டாக்டர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டார் என்று தெரியாது.

“முருகன் எப்ப சொன்னவர், பல்லுத் தீட்ட வேண்டாமெண்டு?”

குணா எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அலகு குத்துற யோசனை ஏதும் இருக்கோ?”

“இல்ல டாக்டர். பால்குடம் மட்டுந்தான்.”

“நல்ல காலம். அது ஒண்டுதான் குறைச்சலா இருந்தது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கிளீன் பண்ணி, ரப்பரை மாத்தி விடுவம். தைப்பூசத்துக்கு அடுத்த நாள் முதல் அப்பாயின்மெண்ட் இவருக்குக் குடுங்கோ. அண்டைக்கும் ரத்தம் வந்தா, நான் ஆரையும் கேக்க மாட்டன். கழட்டுவன்.” நாலு எட்டுப் போய்விட்டு நின்றார். “பிளையரை உள்ளுக்கு வையுங்கோ, மல்லிகா.”

பச்சைப் புள்ளி

டாக்டர் அவர் பல்லைச் சுத்தம் செய்யும் வேலையை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் நான் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் சைவச் சாமானுக்குப் பச்சைப் புள்ளி போட்டிருப்பார்கள். மளிகைக் கடையில் ஒவ்வொரு பேஸ்ட்டாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருக்கிறதில் ஃபுளோரைடு இல்லை. ஃபுளோரைடு இருக்கிறதில் பச்சைப் புள்ளி இல்லை. கம்பி போட்ட பல்லுக்கு ஃபுளோரைடு இல்லாமல் சரிப்படாது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அக்கா, பேஸ்ட்டு வாங்க வந்தீங்களா, பரீட்சைக்குப் படிக்க வந்தீங்களா?”

“ரெண்டுந்தான். மேல் தட்டுல இருக்கிறதையும் எடுங்க.”

கடைசியில் மேல் தட்டில், தூசி படிந்த பெட்டிக்குப் பின்னால், இரண்டும் இருக்கிற ஒன்று கிடைத்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்துக் கடைக்காரர் பயந்தே போயிருப்பார்.

கிளினிக்கில் குணா காத்திருந்தார். புது ஆர்த்தோ பிரஷ் ஒன்று, இன்டர்டெண்டல் பிரஷ் ஒரு பாக்கெட், இந்தப் பேஸ்ட். இதை எப்படிக் கொடுப்பது என்று எனக்கே ஒரு யோசனை வந்தது. சும்மா நீட்ட மனசில்லை. ஸ்டெர்லைஸ் பண்ணிய கிட்னி டிரே, அந்த வளைந்த ஸ்டீல் தட்டு, ஒன்றை எடுத்து, மூன்றையும் அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். கோயிலில் தாம்பாளம் நீட்டுகிற மாதிரிதான். அவர் புரிந்துகொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“சாமி மேடையில வச்சிட்டு, கும்பிட்டுட்டு ஆரம்பிக்கிறேன்க்கா.”

“எங்க வேணும்னாலும் வைங்க. பால் குடிச்சாலும், வாழைப்பழம் சாப்பிட்டாலும் விளக்கணும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல.”

பிறகு பிரஷ் மூலையில், அந்தப் புது பிரஷாலேயே அவர் காட்டினார். நான் பார்த்தேன். கடைவாய்ப் பக்கம் மணிக்கட்டைத் திருப்பாமல் தேய்ப்பது தெரிந்தது. ஒரு வருடமாக அப்படித்தான் தேய்த்திருக்கிறார். நான் காட்டிக்கொண்டே இருந்ததால் பார்க்கவில்லை.

தண்ணீர்ப் பந்தல்

தைப்பூசத்தன்று எப்போதும் போல குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போனேன். கூட்டம் தெரிந்ததுதான். உறுமி சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பால் ஊற்றி இறங்கி வருகிறவர்களுக்குப் பந்தலில் ரோஸ் சிரப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டியில், தாடியும் திருநீறுமாக குணா வந்து நின்றார். ஒரு கிளாஸ் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள், பக்கத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய தர்ஷினி தோளில் மாட்டியிருந்த மஞ்சள் துணிப்பையைத் திறந்தாள்.

“அப்பா, பிரஷ்.”

சாமிப்பை என்று நினைத்தேன். பிரஷ் பை. அவர் பந்தலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய், மணிக்கட்டைத் திருப்பி, கடைவாய்வரை நிதானமாகத் தேய்த்தார். மொட்டை போட்ட பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். கண் கலங்கியிருந்தது, அதை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தார். டாக்டர் கருவியால் ஒவ்வொரு ஈறாகத் தொட்டுக்கொண்டே போனார். மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசை முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் பொட்டு ரத்தம்.

டாக்டர் அந்த இடத்தை இரண்டாம் முறை பார்த்தார். “மல்லிகா.”

“டாக்டர்.”

“அடுத்த சைஸ் வயரை எடுங்கோ.”

கோபத்தில் மட்டும் வரும் அந்த யாழ்ப்பாணம் அன்றைக்கு ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாள்

அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து மாதம். கழற்றும் நாள் வந்தது. டாக்டர் பிளையரைக் கேட்டார், நான் உடனே கொடுத்தேன். பிராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக டிரேயில் விழுந்தன. தர்ஷினி பள்ளிச் சீருடையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கொடுத்தேன். குணா நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். பல் வரிசையாக இருந்தது. மேல் கோரைப்பல்லில் மட்டும் அந்த வெள்ளைத் தழும்பு. அவர் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கறுப்புப் புள்ளியோடு வந்த அன்றே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும், அந்தத் தழும்பு இவ்வளவு பெரிதாகியிருக்காது. அது என் கணக்கில் சேர்ந்தது. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இனி கச்சாங் பூத்தே சாப்பிடலாம். நர்ஸ் அக்காட்ட மட்டும் சொல்லாதீங்க.”

குணா சிரித்தார். கை மேலே போய் வாயை மூடியது. ஓரத்து நாற்காலியில் தர்ஷினியும் சிரித்தாள். அவள் கையும் மேலே போனது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு வருடம். விரதம், பச்சைப் புள்ளி, பெட்ரோல் ஸ்டேஷன் குழாய். பல் நேராகிவிட்டது, கை அப்படியே இருக்கிறது. குணாவுக்கும் அது தெரிந்துவிட்டது. கையை இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

நான் அலமாரிக்குப் போனேன். வைத்தியம் தொடங்கியபோது பிளாஸ்டர் மாவில் வார்த்த குணாவின் பழைய பல் அச்சு, மேலொன்று கீழொன்றாக இரண்டு துண்டு, அங்கே இருந்தது. மேல் துண்டை அவர் வலது கையில் வைத்தேன், கீழ் துண்டை இடது கையில். “பிடிங்க தம்பி. மாவு, கீழ போட்டா உடைஞ்சிடும்.” தர்ஷினியின் ஒரு கையில் பெரிய கண்ணாடியைக் கொடுத்தேன், மறு கையில் பிராக்கெட் கிடந்த டிரேயை. “பாப்பா, கொட்டிடாதே.”

பிறகு டாக்டரைப் பார்த்தேன். முப்பது வருடம் ஒன்றாக வேலை செய்தவர்களுக்குள் அதிகம் பேச வேண்டியதில்லை. டாக்டர் குனிந்து, குணா கையிலிருந்த அச்சின் பழைய எத்துப்பல்லை உற்றுப் பார்த்தார். பிறகு அதனிடமே கேட்டார்:

“நீங்க ஆர்? அப்பாயின்மெண்ட் இருக்கோ?”

தர்ஷினிக்குச் சிரிப்பு பீறிட்டது. கையில் கண்ணாடி, கையில் டிரே. மூட வழியில்லை. வாய் முழுதாகத் திறந்துவிட்டது. முன்பல் இரண்டும் இல்லை. பால்பல் விழுந்து, ஒரே ஓட்டை.

“பாப்பா, உன் பல்லு எங்க?” என்று கேட்டார் குணா. கேட்டவர் தாங்க முடியாமல் சிரித்தார். கை இரண்டிலும் அச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நான் அவர் பல்லை முழுதாகப் பார்த்தது அன்றுதான், அந்தத் தழும்போடு சேர்த்து. மகள் அவரைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தாள். அச்சை வாங்கிக்கொள்ள எனக்கு அவசரமே இல்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எந்த பிரஷ் நல்லது என்பது பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். வருகிறவர் வீட்டில் அதை எப்படி வைத்துக்கொள்கிறார், ஏன் தொடவில்லை என்பது எதிலும் எழுதியிருக்காது. அதனால் பிளாஸ்டிக் பல்லை முதலில் எடுக்காதீர்கள். பிரஷை அவர் கையில் கொடுத்து, “நீங்க காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். சரியான நேரத்தில் சரியான சாமானைச் சரியான கையில் கொடுப்பதுதான் நம் வேலை. அதை நான் டாக்டர் கைக்கு மட்டும் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.